ஏபிஐ மாதிரிப் பதில்களை எங்கே சேமிப்பது: கருவியிலா, ஓப்பன்ஏபிஐ கோப்பிலா, களஞ்சியத்திலா, சோதனையிலா?

ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவு கேட்கும் வழி) ஆவணத்தைத் திறப்பவர்கள் விளக்கப் பத்திகளை வரிவரியாகப் படிப்பதில்லை. கண் நேரே மாதிரிப் பதிலுக்குத்தான், அதாவது சர்வர் திருப்பி அனுப்பும் பதிலின் எடுத்துக்காட்டுக்குத்தான் போகிறது. அங்கே தெரியும் புலப் பெயர்களை நகலெடுத்துத் தங்கள் நிரலில் ஒட்டிக்கொள்கிறார்கள். ஏதாவது உதைத்தால்தான் மேலே உள்ள பத்திக்குத் திரும்புகிறார்கள். அந்த மாதிரி தவறாக இருந்தால், சுற்றிலும் எவ்வளவு சிரத்தையாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

அதனால்தான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. குழுவில் ஒருவர், ஏபிஐ கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கும் கருவியான போஸ்ட்மேனிலேயே மாதிரிகளைச் சேமித்துப் பழகிவிட்டார். இன்னொருவர் எல்லாம், ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பில் இருக்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் சோதனைகளிலிருந்தே தானாக உருவாக்கலாமே என்கிறார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் தனிக் கோப்புகளாக வைப்பதும் ஒரு வழி. எதைப் பின்பற்றுவது?

## எதை வைத்து எடைபோடுவது

முதல் நாளில் எல்லா வழியும் நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் ஆறு மாதம் கழித்துத் தெரியும். எனவே என் முதல் அளவுகோல் இதுதான்: சர்வரின் பதில் மாறி, சேமித்த மாதிரி மாறாமல் நின்றுவிட்டால் அதை யார் கண்டுபிடிப்பார்? ஒரு கருவியா, சக நிரலாளரா, அல்லது ஆவணத்தை நம்பி ஏமாந்த பயனரா? மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, உழைப்பு. ஒரு மாதிரியைச் சேமிக்க ஒரு சொடுக்கு போதுமா, அரை மணி நேரம் ஆகுமா? கடினமாக இருந்தால் 200 (வெற்றி) பதிலை மட்டும் சேமித்துவிட்டு, பிழைப் பதில்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நழுவிவிடுவார்கள்.

மூன்றாவது, யாரால் எழுத முடியும் என்பது. நிரலாளர்களால் மட்டும்தானா, சோதனையாளரும் வாடிக்கையாளர் உதவிக் குழுவினரும் கைவைக்க முடியுமா? நான்காவது, ரகசியம் கசியும் வாய்ப்பு. ஐந்தாவது, ஒரே கோரிக்கைக்குப் பல பதில்களைப் பெயரிட்டு வைக்க இடம் உண்டா என்பது. ஆறாவது, நாளை வேறு இடத்துக்கு மாற வேண்டுமானால் மாதிரிகளைச் சேதமில்லாமல் எடுத்துப் போக முடியுமா என்பது.

ஆவணப் பக்கம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதை வேண்டுமென்றே இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம்.

நான்கு வழிகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம்: எண்ணைக் கொடுத்து ஓர் ஆர்டரின் விவரத்தைக் கேட்கும் கோரிக்கை. இதற்குக் குறைந்தது ஐந்து மாதிரிகள் வேண்டும். எல்லாப் புலங்களும் நிரம்பிய 200. பொருள் பட்டியல் காலியாக உள்ள 200. ஆர்டர் இல்லை என்னும் 404. எண்ணின் வடிவம் தவறு என்னும் 422. கோரிக்கைகள் அளவுமீறிவிட்டன என்னும் 429. கடைசியில் சொன்னதற்கு, எத்தனை வினாடி பொறுக்க வேண்டும் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரும் (பதிலுடன் வரும் கூடுதல் தகவல் வரி) மாதிரியில் இருக்க வேண்டும். காலிப் பட்டியல் வெறும் அடைப்புக்குறிகளாக வருமா, நல் (மதிப்பு இல்லை) என்று வருமா, அல்லது அந்தப் புலமே காணாமல் போகுமா என்பதை எந்த விளக்கப் பத்தியும் ஒழுங்காகச் சொல்வதில்லை. மாதிரிதான் சொல்லும்.

## வழி 1: ஏபிஐ கருவிக்குள்ளேயே சேமிப்பது

போஸ்ட்மேன் போன்ற கருவியில் கோரிக்கையை அனுப்புகிறோம். பதில் வந்ததும், சேமிக்கும் பொத்தானை அழுத்தி மாதிரியாகச் சேமி என்று தேர்ந்தெடுக்கிறோம். வேலை முடிந்தது. உழைப்பு என்ற அளவுகோலில் இதை வெல்ல வேறு வழி இல்லை. நிலைக் குறியீடு, ஹெடர்கள், உடல் ஆகியவற்றுடன் அந்தப் பதிலைக் கொண்டுவந்த கோரிக்கையின் நகலும் சேர்ந்தே பதிவாகிறது. ஐந்து மாதிரிகளையும் ஒரே கோரிக்கையின் கீழ் தனித்தனிப் பெயரில் அடுக்கலாம். வெளியிடும் ஆவணத்தில் வாசகர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யலாம்.

இன்னொரு பெரிய லாபம் மாக் சர்வர், அதாவது போலிச் சர்வர். சேமித்த மாதிரிகளையே அது பதிலாகத் திருப்பி அனுப்பும். எக்ஸ்-மாக்-ரெஸ்பான்ஸ்-கோட் என்னும் ஹெடரில் 404 என்று அனுப்பினால், 404 மாதிரி வரும். சர்வர் நிரல் ஒரு வரிகூட எழுதப்படாத நிலையில், திரை வடிவமைக்கும் குழு தன் பிழைத் திரைகளைச் சோதித்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். மாதிரிக்குள் இருக்கும் கோரிக்கை ஒரு நகல்தான் என்று சொன்னேன் அல்லவா? மூலக் கோரிக்கையில் ஒரு அளவுருவின் பெயரை மாற்றினால், நகல் பழைய பெயரையே சுமந்துகொண்டு நிற்கும். மாதிரிகள் ஐந்து என்றால், ஐந்திலும் கையால் மாற்ற வேண்டும். பதில் மாறிவிட்டது என்று எச்சரிக்கவும் அங்கே எதுவும் இல்லை. என் முதல் அளவுகோலில் இந்த வழி தோற்பது இதனால்தான்.

அடுத்தது ரகசியம். டோக்கனை (அனுமதிக்கான ரகசியச் சரம்) மாறியாக வைத்திருந்தால் மாதிரியில் மாறியின் பெயர் மட்டும் நிற்கும். ஹெடரில் நேரடியாக ஒட்டியிருந்தால் டோக்கனே பதிவாகிவிடும். பதிலின் உடலுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. உள்நுழைவுக் கோரிக்கைக்கு மாதிரி சேமித்தால், சர்வர் அனுப்பிய உண்மையான டோக்கன் அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. டோக்கன்களையும் சாவிகளையும் வெளிக்காட்டிக்கொண்டு, பொதுவில் திறந்து கிடந்த 30,000-க்கும் மேற்பட்ட போஸ்ட்மேன் பணியிடங்களைக் கண்டதாக கிளவுட்செக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்தது.

வெளியேறும் வழி ஓரளவு இருக்கிறது. கலெக்ஷனை (கோரிக்கைகளின் தொகுப்பு) ஜேசன் என்னும் உரை வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் மாதிரிகளும் உடன் வரும். ஆனால், அதை ஓப்பன்ஏபிஐ வடிவத்துக்கு மாற்றும்போது எல்லாம் முழுசாக வந்து சேரும் என்று நம்பிவிடக் கூடாது. கருவி நிறுவனத்தின் கொள்கை மாறினால் நாமும் ஆட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 2023-இல் போஸ்ட்மேன், கணக்கு இல்லாமல் பயன்படுத்தக்கூடிய ஸ்கிராட்ச் பேடை நிறுத்தியது. அதே ஆண்டு இன்சோம்னியா என்னும் இன்னொரு ஏபிஐ கருவியின் 8.0 பதிப்பு பயனர்களைக் கணக்கு தொடங்கச் சொல்லி, பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தது. கோரிக்கைகளை நம் கணினியில் சாதாரண உரைக் கோப்புகளாகவே வைத்துக்கொள்ளும் புரூனோ போன்ற கருவிகளை நோக்கிப் பலர் நகர்ந்ததற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம்.

இது பொருந்தும் இடம்: ஏபிஐ இன்னும் வடிவெடுத்துக்கொண்டிருக்கும் காலம், சிறிய குழு, கூட்டாளி நிறுவனத்துக்கு நாளைக்கே ஒரு கலெக்ஷன் கொடுத்தாக வேண்டிய அவசரம்.

## வழி 2: ஓப்பன்ஏபிஐ கோப்பில் எழுதுவது

ஸ்வாகர் என்ற பெயரில் தொடங்கிய இந்த விவரக்குறிப்பு, 2015 இறுதியில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்து, பிறகு ஓப்பன்ஏபிஐ ஆனது. பழைய 2.0 பதிப்பில், ஒரு பதிலுக்கு ஒரு ஊடக வகைக்கு ஒரு மாதிரி மட்டும்தான். நம் எடுத்துக்காட்டில் 200-க்கு இரண்டு மாதிரிகள் வேண்டும், 2.0-இல் அதற்கு இடமில்லை. 2017-இல் வந்த 3.0 பதிப்புதான் பெயரிட்ட பல மாதிரிகளுக்கு வழி திறந்தது. எக்ஸாம்பிள் என்ற ஒருமைப் புலம் ஒன்று, எக்ஸாம்பிள்ஸ் என்ற பன்மைப் புலம் இன்னொன்று. ஒரே இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது. இதைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

இந்த வழியின் பலம், கோப்பில் பிழைகளைத் தேடும் லின்டர்கள். ஸ்பெக்ட்ரல், ரெடாக்லி போன்றவை மாதிரி ஸ்கீமாவுடன் (எந்தப் புலம் எந்த வகை என்னும் வரையறை) பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் மாற்றம் மூல நிரலோடு மெர்ஜ் ஆகவிடாமல் தடுக்கும். மொத்தத் தொகை எண்ணாக இருக்க வேண்டிய இடத்தில் யாராவது மேற்கோள் குறிக்குள் எழுதிவிட்டால் அங்கேயே பிடிபடும். மாற்றங்கள் எல்லாம் வழக்கமான நிரல் சரிபார்ப்பு வழியாகவே போகும். பிரிசம் என்னும் கருவி இதே கோப்பிலிருந்து மாக் சர்வரையும் எழுப்பித் தரும்.

பலர் இந்த இடத்தோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால், லின்டர் எதைப் பார்க்கிறது என்று நிதானித்துப் பாருங்கள். மாதிரியையும் ஸ்கீமாவையும்தான் ஒப்பிடுகிறது; சர்வரை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்கீமாவும் மாதிரியும் ஒரே தவறைச் செய்தால் பச்சை விளக்குதான் எரியும். கட்டாயமில்லாத புலம் ஒன்று மாதிரியில் விடுபட்டால் லின்டர் வாய் திறக்காது. ஸ்கீமாவில் இல்லாத புலம் மாதிரியில் கூடுதலாக இருந்தாலும், கூடுதல் புலங்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாக எழுதாதவரை சில லின்டர்கள் அதையும் ஏற்றுவிடும். ஆர்டர் பதிலில் நீக்கப்பட்ட பழைய தள்ளுபடிப் புலம் மாதிரியில் பல பதிப்புகளுக்கு உயிரோடிருக்க இதுவே போதும்.

மாதிரியையே எழுதாமல், ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனி எடுத்துக்காட்டு மதிப்பை மட்டும் கொடுத்துவிட்டு, ஆவணக் கருவி தானாக ஒட்டுப்போட்டுக்கொள்ளட்டும் என்று விடும் பழக்கமும் உண்டு. அப்படி வரும் பதிலில் ஆர்டரின் நிலை ரத்து செய்யப்பட்டது என்றிருக்கும், டெலிவரி ஆன நாளும் நிரம்பியிருக்கும். ஒவ்வொரு புலமும் தனித்தனியே சரி. மொத்தத்தில் அப்படியொரு ஆர்டர் உலகத்திலேயே இருக்க முடியாது.

ஓப்பன்ஏபிஐ கோப்பை எழுதப் பயன்படும் யாம்ல் வடிவம் தரும் தொல்லை தனி. யாம்ல் 1.1 விதிகளைப் பின்பற்றும் பாகுபடுத்திகளில், மேற்கோள் குறி இல்லாத 'நோ' என்ற ஆங்கிலச் சொல் பொய் என்னும் பூலியன் (மெய்/பொய்) மதிப்பாகிவிடும். நார்வேயின் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடும் அதே எழுத்துகள்தான் என்பதால், முகவரி மாதிரியில் நாடு இருக்க வேண்டிய இடத்தில் பூலியன் வந்து நிற்கும். மேற்கோள் குறி போடாத தேதிகளும் இதுபோல வேறு வகையாக மாறக்கூடும். மாதிரிகளை யாம்லுக்குள் ஜேசன் வடிவிலேயே எழுதினால், குறைந்தபட்சம் சரங்களுக்கு மேற்கோள் குறி வந்துவிடும்.

ஐந்து மாதிரி, நாற்பது கோரிக்கை என்று பெருக்கிப் பாருங்கள்; கோப்பு வீங்கிவிடும். மாதிரியைத் தனிக் கோப்பில் வைத்து முகவரியால் சுட்டும் வசதி விவரக்குறிப்பில் இருந்தாலும், எல்லா ஆவணக் கருவிகளும் அதை எடுத்துக் காட்டுவதில்லை. உங்கள் கருவி காட்டுகிறதா என்று ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இது பொருந்தும் இடம்: பல மொழிகளில் கிளையன்ட் நூலகங்களை உருவாக்கித் தர வேண்டிய பொது ஏபிஐ, விவரக்குறிப்பை முதலில் எழுதி, பிறகு நிரல் எழுதும் பழக்கமுள்ள குழு.

## வழி 3: களஞ்சியத்தில் தனி ஜேசன் கோப்புகள்

ஒரு பதிலுக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரே மாதிரியின் பெயர். எந்தக் கருவிக்கும் கட்டுப்படாது, கிட் வரலாற்றில் யார் எப்போது மாற்றினார் என்று தெரியும், எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

குறைகளும் வெளிப்படையானவை. ஜேசனில் குறிப்பு எழுத முடியாது. எனவே இந்தப் பதில் எந்தக் கோரிக்கைக்கு வந்தது, எந்த ஹெடர்களுடன் வந்தது என்பதைப் பக்கத்தில் இன்னொரு கோப்பில் சொல்ல வேண்டும். 429 மாதிரியின் உயிரே ஹெடரில்தான் இருக்கிறது என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. கவனிக்காமல் விட்டால் இந்தக் கோப்புகளும் முதல் வழியில் சொன்ன நகல்களைப் போலவே பழசாகும்.

அதிகம் பேசப்படாத ஒரு பள்ளம்: நீண்ட எண்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் முழு எண்கள் 9,007,199,254,740,991 வரைதான் பிசகாமல் நிற்கும். அதைவிடப் பெரிய ஆர்டர் எண்ணுள்ள பதிலை, அழகாக வரிபிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி ஒன்றின் வழியாகச் செலுத்திச் சேமித்தால், கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடலாம். மூலப் பதிலை அப்படியே சேமித்துவிட்டு, அழகுபடுத்துவதைப் பிறகு செய்யுங்கள்.

இந்தக் கோப்புகளைச் சர்வர் சோதனையும் கிளையன்ட் சோதனையும் படிக்கும்படி செய்துவிட்டால் கதை மாறுகிறது. சர்வரின் பதில் கோப்பிலிருந்து விலகினால் சோதனை உடையும். அப்போது இது கிட்டத்தட்ட நான்காவது வழி.

## வழி 4: சோதனைகளிலிருந்து உருவாக்குவது

இங்கே யாரும் மாதிரியை எழுதுவதில்லை. சோதனை ஓடும்போது உண்மையில் வந்த பதிலே ஆவணத்தில் போய் உட்காருகிறது. ஜாவா உலகில் ஸ்பிரிங் ரெஸ்ட் டாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு சோதனைக்கும் கர்ல் கட்டளை (கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்புவது), கோரிக்கை, பதில், பதிலின் உடல் என ஆறு துண்டுகளை இயல்பாகவே எழுதித் தரும். அதைவிட முக்கியமானது அதன் பிடிவாதம்: புலங்களை விவரித்த சோதனையில், விவரிக்கப்படாத புலம் ஒன்று பதிலில் தலைகாட்டினால் சோதனை தோற்கும், விவரித்த புலம் பதிலில் இல்லாவிட்டாலும், அதை விருப்பப் புலம் என்று குறிக்காதவரை, தோற்கும். லின்டர் கண்டுகொள்ளாமல் விட்ட அந்தத் தள்ளுபடிப் புலம் இங்கே முதல் ஓட்டத்திலேயே சிக்கிவிடும். என் முதல் அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்குவது இந்த வழி ஒன்றுதான்.

அதற்கான விலையும் உண்டு. சோதனைத் தரவு பொதுவாக அவலட்சணமாக இருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே எழுத்து மூன்று முறை, விலை ஒன்று, தேதி 1970. ஆவணத்தில் காட்டத் தகுந்த தரவைச் சோதனையில் வைக்க யாராவது மெனக்கெட வேண்டும். எண்களும் நேரமுத்திரைகளும் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறினால், எதுவும் மாறாத நாளிலும் ஆவணம் மாறியதாகக் காட்டும். அவற்றை நிலையான மதிப்புகளாக மாற்றிவிட வேண்டும். நிரலாளர் அல்லாதவர் இதன் பக்கம் வரவே முடியாது. உதவிக் குழுவினர் ஒரு விளக்கச் சொல்லைத் திருத்த விரும்பினாலும், நிரலாளர் ஒருவரின் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ரூபியின் விசிஆர் போன்ற பதிவுக் கருவிகளை இத்துடன் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 2010-இல் வந்த அது, வெளி ஏபிஐகளின் பதில்களைக் கேசட் என்னும் கோப்பில் பதிந்து, அடுத்த முறை நெட்வொர்க் இல்லாமலே திருப்பி ஓட்டும். கேசட்டுகளைப் பார்த்ததும், மாதிரிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, அப்படியே ஆவணத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஒருமுறை மட்டும் பதியும் நிலையில் வைத்திருந்தால், கேசட் பழைய பதிலையே என்றென்றும் ஓட்டிக்கொண்டிருக்கும். சர்வர் மாறியதே சோதனைக்குத் தெரியாது. ரகசியங்களை வடிகட்டும் வசதி அதில் உண்டு, ஆனால் எதை வடிகட்ட வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

இது பொருந்தும் இடம்: பல ஆண்டுகள் வாழப்போகும் ஏபிஐ, ஏற்கெனவே நல்ல சோதனைகள், பதில் பிசகினால் மற்றவர்களின் பணமோ வேலையோ கெடும் நிலை. சோதனைகளே இல்லாத குழு, ஆவணத்தை முன்னிட்டு இதில் இறங்கினால் மூச்சுத் திணறும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கருவி | ஓப்பன்ஏபிஐ | தனிக் கோப்பு | சோதனை |
|---|---|---|---|---|
| மாதிரி பழசானால் யார் கண்டுபிடிப்பார் | பயனர் | லின்டர், பாதியளவு | சோதனை படித்தால் மட்டும் | சோதனையே |
| ஒரு மாதிரிக்கு உழைப்பு | மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு | தொடக்கத்தில் அதிகம் |
| யார் எழுதலாம் | எவரும் | யாம்ல் பழகியவர் | கிட் தெரிந்தவர் | நிரலாளர் |
| ரகசியம் கசியும் வாய்ப்பு | அதிகம் | குறைவு | நகலெடுக்கும் விதத்தைப் பொறுத்தது | குறைவு |
| ஒரே கோரிக்கைக்குப் பல பதில்கள் | எளிது | 3.0 முதல் | எளிது, ஹெடர் தனி | ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை |
| வெளியேறுவது | ஏற்றுமதி, சில இழப்புகளுடன் | எளிது | மிக எளிது | மொழியோடு கட்டுண்டது |

## எந்த வழியானாலும் வரும் ஒரு வேலை

உண்மைப் பதிலை நகலெடுத்தால் உண்மையான மனிதர்களின் விவரமும் கூடவே வரும். அதைத் துடைத்துவிட்டு எதையாவது இட்டு நிரப்பும்போது, வேறொருவருக்குச் சொந்தமான முகவரியை இடாதீர்கள். எக்ஸாம்பிள்.காம் என்ற டொமைன் 1999-இல் ஆர்எஃப்சி 2606 என்னும் இணையத் தர ஆவணத்தின் வழியாக இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஐபி முகவரிகளுக்கு ஆர்எஃப்சி 5737 மூன்று தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது, 192.0.2 என்று தொடங்குவது அவற்றில் ஒன்று. பிழைப் பதில்களுக்கு இன்னும் வடிவம் முடிவாகவில்லை என்றால், 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9457 காட்டும் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம்; வகை, தலைப்பு, நிலை, விவரம் என்று சீராக இருப்பதால் மாதிரி எழுதுவதும் சுலபம்.

## நான் எதைச் சொல்வேன்

ஏபிஐ பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தால் கருவியிலேயே சேமியுங்கள். வேறெதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். பதில்களின் வடிவம் தினமும் மாறும் காலத்தில் சோதனை வழியை அமைப்பது வீண் செலவு. வெளியார் ஒருவர் உங்கள் ஏபிஐயை நம்பி நிரல் எழுதத் தொடங்கும் நாள் வந்ததும், கருவியில் உள்ளவற்றை வரைவு என்று கருதி, ஓப்பன்ஏபிஐ கோப்புக்கோ சோதனைக்கோ மாற்றுங்கள். இரண்டில் எது என்பதற்கு என் விடை எளியது: சோதனைகள் இருந்தால் சோதனை, இல்லாவிட்டால் ஓப்பன்ஏபிஐ. ஓப்பன்ஏபிஐ என்றால் லின்டரோடு நிறுத்தாமல், சோதனைச் சர்வரின் உண்மைப் பதிலையும் அதே ஸ்கீமாவோடு ஒப்பிடும் ஒரு படியைச் சேர்த்துவிடுங்கள். லின்டர் சர்வரைப் பார்ப்பதில்லை என்ற அந்த ஓட்டை பெருமளவு அடைபடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மாதிரிகள் இருப்பது தவறில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கையால் திருத்துவதுதான் தவறு. ஓப்பன்ஏபிஐ மூலமானால், போஸ்ட்மேன் கலெக்ஷனை அதிலிருந்து இறக்குமதி செய்து கொடுங்கள். கலெக்ஷனில் யாரும் திருத்தாதபடி அனுமதியைப் பூட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே இரண்டு இடங்களில் இரண்டு விதமான மாதிரிகள் கிடக்கும் குழுக்கள், எது சரி என்று கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டியதில்லை. கோரிக்கையைச் சோதனைச் சர்வருக்கு ஒருமுறை அனுப்பி, வந்த பதிலோடு இரண்டையும் ஒப்பிடுங்கள். பிழைப் பதில்களில் தொடங்குங்கள். 200 பதிலைத் தினமும் யாராவது பார்க்கிறார்கள், பிசகு சீக்கிரம் தெரியும். 422 எப்படி இருக்கும் என்பதைத்தான் ஏபிஐ வெளியான நாளுக்குப் பிறகு ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.